உலகைச் சிரிக்க வைத்த ஒட்டு மீசை

நடிகர் பீட்டர் செல்லர்ஸின் வாழ்க்கைக் கதை

உடம்பில் ஒரு மழைக்கோட்டு. தலையில் ஒரு தொப்பி. மூக்கின் கீழ் ஒரு மீசை.

அறைக்குள் நுழையும்போதே எதிலாவது மோதிக்கொள்வார். மோதியது தன் குற்றம் அல்ல என்பதுபோல் அதை முறைத்துப் பார்ப்பார். சுற்றுகிற பூகோள உருண்டையின் மேல் கையை வைப்பார். உருண்டை அவரைக் கீழே தள்ளிவிடும். எழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு விசாரணையைத் தொடருவார்.

அவர்தான் இன்ஸ்பெக்டர் குளூசோ. பிரெஞ்சுப் போலீஸ் அதிகாரி. "பிங்க் பாந்தர்" என்ற சினிமாப் பட வரிசையில் வரும் துப்பறியும் நிபுணர்!

அந்த வேடத்தில் நடித்து உலகத்தையே வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தவர், இங்கிலாந்து நடிகர் பீட்டர் செல்லர்ஸ். 1980-ம் ஆண்டில், 54-வது வயதில் அவர் காலமானார்.

அவருக்குப் பிறகு அந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. அவர் உயிரோடு இருந்தபோதே போட்டுப் பார்த்தவரும் உண்டு. கோட்டு பொருந்தியது. மீசையும் பொருந்தியது. ஆனால் அந்தப் பழைய சிரிப்பு மட்டும் திரும்பி வரவில்லை.

காரணம் என்ன? செல்லர்ஸின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் அது விளங்கும்.

மேடையில் அழுத குழந்தை

இங்கிலாந்தின் தென் கடற்கரையில் போர்ட்ஸ்மவுத் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அதன் ஒரு பகுதி சவுத்சீ. அங்கே 1925-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி செல்லர்ஸ் பிறந்தார்.

தகப்பனார் பில், பியானோ வாசிப்பவர். தாயார் பெக், மேடையில் ஆடிப் பாடுகிறவர். பாட்டி சொந்தமாக நாடகக் கம்பெனி நடத்தியவர். ரத்தத்திலேயே நாடகம் ஊறிய குடும்பம்.

குழந்தைக்கு வைத்த பெயர் ரிச்சர்டு ஹென்றி. ஆனால் வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. அவருக்கு முன்னே பிறந்த ஆண் குழந்தை, பிறக்கும்போதே இறந்துவிட்டது. அந்தக் குழந்தையின் பெயர் பீட்டர். துக்கத்தை மறக்க முடியாத பெற்றோர், இந்தக் குழந்தையையும் பீட்டர் என்றே அழைத்தார்கள்.

இன்னொருவருடைய பெயரோடு வளர்ந்தவர், பிற்காலத்தில் இன்னொருவருக்காக வைத்திருந்த வேடத்தில் நடித்துத்தான் உலகப் புகழ் பெற்றார். விந்தைதான்!

பிறந்து 2 வாரம் ஆகியிருந்தது. சவுத்சீயில் உள்ள கிங்ஸ் தியேட்டரில், ஒரு நடிகர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்தார். ஜனங்கள் குழந்தையை வாழ்த்திப் பாடினார்கள். குழந்தை வீறிட்டு அழுதது. அதுதான் செல்லர்ஸின் முதல் மேடை ஏற்றம்.

தகப்பனார் புரொட்டஸ்டண்டு கிறிஸ்தவர். தாயார் யூத குலத்தவர். பையனைச் சேர்த்ததோ கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில். நான் யாரைச் சேர்ந்தவன் என்ற கேள்வி அந்தச் சிறு வயதிலேயே அவர் மனதில் விழுந்தது.

ஊர் ஊராக நாடகம் ஆடிய குடும்பம். ஆகவே நிலையான வீடு இல்லை. நிலையான சிநேகிதர்களும் இல்லை. தாயார்தான் அவருக்கு உலகம். அவர் கேட்டதை எல்லாம் தாயார் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பழக்கம் கடைசி வரை செல்லர்ஸை விடவில்லை.

பறிபோன மீசை

இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. செல்லர்ஸ் குடும்பம் இல்பிரகூம் என்ற கடற்கரை ஊருக்குக் குடிபோயிற்று. அங்கே ஒரு நாடகக் கொட்டகையில் செல்லர்ஸ் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு 15 வயது.

எடுபிடி வேலையில் ஆரம்பித்தார். டிக்கெட் விற்றார். ஜனங்களுக்கு இடம் காட்டினார். மேடைக்கு விளக்குப் போட்டார். முன்னே நின்று நடிப்பவர்களைப் பின்னே நின்று கவனித்தார். டிரம் அடிக்கவும் கற்றுக்கொண்டார்.

அங்கே அவருக்கு ஒரு சிநேகிதன் கிடைத்தான். இருவருக்கும் துப்பறியும் கதை என்றால் உயிர். படித்துப் படித்து ஆசை முற்றியது. இருவரும் சேர்ந்து ஒரு துப்பறியும் நிலையமே ஆரம்பித்துவிட்டார்கள்!

பெரிய மனிதராகத் தெரிய வேண்டும் என்பதற்காக, செல்லர்ஸ் ஒட்டு மீசை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வழக்கோடு வந்த ஆசாமிக்குச் சந்தேகம் தட்டியது. எட்டி மீசையைப் பிடித்து இழுத்தார். மீசை கையோடு வந்துவிட்டது. துப்பறியும் நிலையமும் அன்றோடு மூடப்பட்டது.

20 ஆண்டுகளுக்குப் பிறகு, வேறொரு மீசையோடு அவர் துப்பறியப் போகிறார் என்பது அப்போது யாருக்குத் தெரியும்?

யுத்தத்திலும் வேஷம்

1943-ல் செல்லர்ஸ் விமானப் படையில் சேர்ந்தார். விமானம் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் கண் பார்வை போதவில்லை. ஆகவே தரையில் வேலை கொடுத்தார்கள்.

அது அவருக்குப் பிடிக்கவில்லை. படை வீரர்களை மகிழ்விக்க ரால்ப் ரீடர் என்பவர் ஒரு கலைக் குழு நடத்தி வந்தார். செல்லர்ஸ் அதில் சேர்ந்துவிட்டார். அந்தக் குழுவோடு இந்தியாவுக்கு வந்தார். இலங்கைக்கும் பர்மாவுக்கும் போனார். டிரம் அடித்தார். பல குரலில் பேசிச் சிரிக்க வைத்தார்.

இதோடு நிற்கவில்லை. பெரிய அதிகாரிபோல் உடுப்பு அணிந்து, அதிகாரிகள் சாப்பிடும் இடத்துக்குள் நுழைந்துவிடுவார். அதிகாரிபோலவே பேசுவார், மிடுக்காக நடப்பார். பிடிபட்டிருந்தால் தண்டனைதான்! ஆனாலும் அவர் அஞ்சவில்லை. வேஷம் போட்டால் அவருக்குத் துணிச்சல் வந்துவிடும். வேஷத்தைக் கலைத்தால் கூச்சப்படுகிற சாதாரணச் சிப்பாய்.

டெலிபோனில் வந்த குரல்

யுத்தம் முடிந்தது. சிப்பாய் ஊர் திரும்பினார். வேலை கிடைக்கவில்லை. லண்டனில் சின்னச் சின்ன மேடைகளில் தமாஷ் செய்து காலம் தள்ளினார்.

அந்தக் காலத்தில் ரேடியோவில் பேசினால்தான் புகழ். பி.பி.சி. ரேடியோவுக்கு எழுதிப் பார்த்தார். பயன் இல்லை. 1948-ல் ஒரு நாள் துணிந்து ஒரு காரியம் செய்தார்.

ராய் ஸ்பியர் என்பவர் பி.பி.சி.யில் நிகழ்ச்சித் தயாரிப்பாளர். அவருக்கு டெலிபோன் போட்டார். கென்னத் ஹார்ன், ரிச்சர்டு மர்டாக் என்ற இரண்டு பிரபல ரேடியோ நடிகர்களின் குரலில் மாறி மாறிப் பேசினார். செல்லர்ஸ் என்று ஒரு பையன் இருக்கிறான், கெட்டிக்காரன், வாய்ப்புக் கொடுங்கள் என்று அந்தக் குரல்களிலேயே தனக்குத் தானே சிபாரிசு செய்துகொண்டார்!

கடைசியில் பேசுவது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். ஸ்பியருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் வாய்ப்புக் கொடுத்தார். சொந்தக் குரலில் கேட்டபோது கிடைக்காத வேலை, அடுத்தவர் குரலில் கேட்டபோது கிடைத்தது.

1951-ல் "கூன் ஷோ" என்ற ரேடியோ நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. செல்லர்சும், ஸ்பைக் மில்லிகனும், ஹாரி சீகோமும் அதில் முக்கியமானவர்கள். மில்லிகன் நம் நாட்டில் ஆமத்நகரில் பிறந்தவர். இந்தக் கூட்டம் 1960 வரை ரேடியோவில் அடித்த கூத்து, இங்கிலாந்தில் சிரிப்புக் கலையின் போக்கையே மாற்றிவிட்டது. கிழவன், மேஜர், பையன் என்று எத்தனையோ குரல்களில் செல்லர்ஸ் பேசினார்.

பிறகு சினிமா அழைத்தது. 1959-ல் வெளிவந்த "தி மவுஸ் தட் ரோர்டு" படத்தில் 3 வேடம். அதே ஆண்டில் ஒரு தொழிற்சங்கத் தலைவராக நடித்து, பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் சிறந்த நடிகர் பரிசைப் பெற்றார். 1964-ல் வெளிவந்த "டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்" படத்திலும் 3 வேடம். அதற்காக அவர் பெயர் ஆஸ்கார் பரிசுக்குப் போயிற்று.

எந்த வேடம் கிடைத்தாலும் முதலில் குரலைத்தான் தேடுவார். குரல் கிடைத்துவிட்டால், நடை தானாக வரும். முகம் தானாக வரும். அந்த மனிதனே வந்துவிடுவான்.

அடுத்தவர் விட்ட வேடம்

1962-ல் பிளேக் எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க டைரக்டர் ஒரு படத்துக்கு ஏற்பாடு செய்தார். ஒரு விலை உயர்ந்த வைரம். அதன் உள்ளே ஒரு சிறு மாசு. உற்றுப் பார்த்தால் பாய்கிற சிறுத்தைபோல் தெரியும். ஆகவே அதற்கு இளஞ்சிவப்புச் சிறுத்தை என்று பெயர். அதுதான் "பிங்க் பாந்தர்". அதைத் திருட வருகிற சீமான் வேடம் டேவிட் நிவனுக்கு. அவர்தான் கதாநாயகன்.

திருடனைப் பிடிக்க அலைகிற இன்ஸ்பெக்டர் குளூசோ வேடம் இரண்டாந்தரமானது. அது செல்லர்சுக்காக எழுதப்படவில்லை. பீட்டர் உஸ்தினாவ் என்ற நடிகரை ஏற்பாடு செய்திருந்தார்கள். படப்பிடிப்புத் தொடங்கும் நேரத்தில் அவர் விலகிக்கொண்டார். அவசர அவசரமாக செல்லர்ஸை அழைத்தார்கள்.

செல்லர்ஸ் அந்த அதிகாரியைப் பற்றி யோசித்தார். தீப்பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த மாத்யூ வெப் படம் அவர் கண்ணில் பட்டது. இங்கிலீஷ் கால்வாயை 1875-ல் நீந்திக் கடந்த வீரர் வெப். நெஞ்சை நிமிர்த்திய தோற்றம், கம்பீரமான மீசை. குளூசோவின் மீசை அதிலிருந்து பிறந்ததாக செல்லர்ஸ் சொல்லியிருக்கிறார்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. மற்ற நகைச்சுவை நடிகர்கள் முட்டாளாக நடிக்கும்போது, நான் முட்டாள், பார்த்துச் சிரியுங்கள் என்று முகத்திலேயே காட்டிவிடுவார்கள். செல்லர்ஸ் அப்படிச் செய்யவில்லை. உலகத்திலேயே சிறந்த துப்பறியும் நிபுணன் தான்தான் என்று குளூசோ மனதார நம்புகிறார். விழுந்தாலும், நனைந்தாலும், தீப்பற்றிக்கொண்டாலும் மானத்தை விடமாட்டார். அவர் மானத்தை விடாததால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்த பிறகு கொஞ்சம் இரக்கமும் வருகிறது.

படத்தின் முடிவில் திருடன் தப்பிவிடுகிறான். பழி குளூசோ மேல் விழுகிறது. ஆனால் படம் பார்த்துவிட்டு வெளியே வந்த ஜனங்கள் டேவிட் நிவனைப் பற்றிப் பேசவில்லை. குளூசோவைப் பற்றியே பேசினார்கள்.

படத்தின் ஆரம்பத்தில் பெயர்கள் வரும்போது, இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சிறுத்தை கார்ட்டூனாக நடந்து வந்தது. ஹென்றி மான்சினி அமைத்த சங்கீதம் பூனை நடைபோல் பின்னால் வந்தது. அந்தச் சிறுத்தைக்கும் தனி மவுசு பிறந்தது. அதை வைத்து 1964-ல் எடுத்த முதல் கார்ட்டூன் படமே ஆஸ்கார் பரிசு வாங்கிவிட்டது!

சண்டையில் பிறந்த சிரிப்பு

அடுத்த படம் "எ ஷாட் இன் தி டார்க்". இதுவும் 1964-ல் வந்தது. இது உண்மையில் ஒரு மேடை நாடகத்தின் கதை. அதில் குளூசோ கிடையாது. எட்வர்ட்ஸ் கதையை மாற்றி, குளூசோவை உள்ளே கொண்டுவந்தார்.

இரண்டு புதிய பாத்திரங்களும் சேர்ந்தன. ஒருவர் மேலதிகாரி டிரைபஸ். ஹெர்பர்ட் லாம் நடித்தார். குளூசோவின் பெயரைக் கேட்டாலே அவருக்குக் கண் துடிக்கும். கடைசியில் பைத்தியமே பிடித்துவிடும். இன்னொருவர் வேலைக்காரர் கேட்டோ. பர்ட் குவோக் நடித்தார். எஜமானர் எப்போதும் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக, எதிர்பாராத நேரத்தில் அவர்மேல் பாய்ந்து தாக்குவது கேட்டோவின் வேலை. வீடே நொறுங்கும். நடுவில் டெலிபோன் மணி அடித்தால், சண்டையை நிறுத்திவிட்டு மரியாதையாக எடுத்துப் பேசுவார்!

குளூசோவின் விசித்திரமான பிரெஞ்சு உச்சரிப்பு முழு வடிவம் பெற்றதும் இந்தப் படத்தில்தான். அவர் என்ன சொல்கிறார் என்று மற்ற பிரெஞ்சுக்காரர்களுக்கே விளங்காது.

திரையில் சிரிப்பு. திரைக்குப் பின்னால் சண்டை! நடிகருக்கும் டைரக்டருக்கும் பேச்சு வார்த்தை நின்றுபோயிற்று. சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி, அறைக் கதவின் அடியில் தள்ளினார்களாம். இனி இருவரும் சேர்ந்து வேலை செய்வதில்லை என்று சபதமும் செய்துகொண்டார்கள்.

நின்று நின்று ஓடிய இதயம்

செல்லர்சுக்கு ஜோசியத்தில் அபார நம்பிக்கை. ஜோசியரைக் கேட்காமல் படம் ஒப்புக்கொள்ள மாட்டார். இதைத் தெரிந்துகொண்ட பட முதலாளிகள், ஜோசியரையே கையில் போட்டுக்கொண்டார்கள் என்பார்கள். பி., இ. என்ற எழுத்துகள் உங்கள் வாழ்வில் முக்கியம் என்று ஜோசியர் சொன்னாராம். அவர் சொல்ல நினைத்தது பிளேக் எட்வர்ட்ஸ். ஆனால் செல்லர்ஸ் அப்போது சந்தித்ததோ பிரிட் எக்லண்டு என்ற ஸ்வீடன் நாட்டு அழகியை! சில நாள் பழக்கத்திலேயே, 1964 பிப்ரவரியில் அவரை மணந்துகொண்டார்.

இரண்டே மாதம். ஏப்ரலில் அமெரிக்காவில் அவருக்கு மாரடைப்பு வந்தது. அடுத்தடுத்துப் பல தடவை இதயம் நின்றது. டாக்டர்கள் போராடி உயிரை மீட்டார்கள். அப்போது அவருக்கு வயது 38.

பிழைத்து எழுந்தார். ஆனால் இதயம் பழுதுபட்டுவிட்டது. டாக்டர்களை விட மாய வைத்தியர்களையே அவர் அதிகம் நம்பினார். அது பெரிய பிழை என்பது பின்னால் தெரிந்தது.

வீட்டு வாழ்க்கையிலும் அமைதி இல்லை. நான்கு தடவை கல்யாணம் செய்துகொண்டார். மூன்று விவாகரத்தில் முடிந்தன. திடீர் திடீர் என்று கோபம் வரும். மனைவியரும் 3 குழந்தைகளும் அதனால் பட்ட துன்பம் கொஞ்சம் அல்ல. ஊரைச் சிரிக்க வைத்தவரின் வீட்டில் சிரிப்பு தங்கவில்லை. 1967-ல் தாயார் பெக் இறந்தார். அது அவரை உலுக்கிவிட்டது.

1968-ல் சபதத்தை மறந்து எட்வர்ட்சும் செல்லர்சும் "தி பார்ட்டி" என்ற படத்தில் சேர்ந்தார்கள். அதில் செல்லர்ஸ் ஓர் இந்திய நடிகராக வருகிறார். 1960-ல் "தி மில்லியனரஸ்" படத்தில் இந்திய டாக்டராக நடித்தவர் அவரே. முகத்தில் கறுப்பு மை பூசி இந்தியராக நடித்ததை அந்தக் காலத்தில் பெரும்பாலோர் ரசித்தார்கள். இன்று அப்படி ஒருவர் நடித்தால் உலகம் ஒப்பாது. அந்தப் படங்களைப் பற்றிய கண்டனம் நியாயமானதே.

கோட்டைப் போட்டவர்கள்

எட்வர்ட்சும் செல்லர்சும் "தி பார்ட்டி"யில் இருந்த அதே நேரத்தில், பட முதலாளிகள் ஒரு காரியம் செய்தார்கள். குளூசோ வேடத்தை ஆலன் ஆர்க்கினுக்குக் கொடுத்தார்கள். ஆர்க்கின் நல்ல நடிகர். 1968-ல் "இன்ஸ்பெக்டர் குளூசோ" வெளிவந்தது. ஜனங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை.

1970 வாக்கில் செல்லர்சின் மார்க்கெட்டும் சரிந்தது. படங்கள் வரிசையாகத் தோற்றன. எட்வர்ட்ஸ் நிலையும் அப்படித்தான். இருவருக்கும் இருந்த ஒரே வழி குளூசோ. 1975-ல் "தி ரிட்டர்ன் ஆப் தி பிங்க் பாந்தர்" வந்தது. வசூல் கொட்டியது. 1976-ல் ஒன்று, 1978-ல் ஒன்று. மூன்றும் வெற்றி. பின்னால் வந்த இரண்டு படங்களில் வைரமே இல்லை. இருந்தாலும் பெயர் மட்டும் "பிங்க் பாந்தர்"தான்.

பணம் வந்தது. புகழ் வந்தது. ஆனால் செல்லர்ஸ் மகிழவில்லை. குளூசோ அவரை விழுங்கிக்கொண்டிருந்தார். 1977-ல் நெஞ்சில் இதயத் துடிப்புக் கருவி வைத்தார்கள். தனக்கென்று ஓர் உருவமே கிடையாது என்று அவர் அடிக்கடி சொல்வார். 1978-ல் ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சியில், தனக்குள் இருந்த தன்னை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டதாக வேடிக்கையாகச் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். அது முழுக்க வேடிக்கை அல்ல.

ஒரு கதையில் மட்டும் தன்னைக் கண்டார். "பீயிங் தேர்" என்ற நாவல். முன்கதை இல்லாத ஒரு தோட்டக்காரன். டெலிவிஷனைத் தவிர வேறு எதுவும் அறியாதவன். அவன் பேசும் சாதாரணப் பேச்சைப் பெரிய மனிதர்கள் ஞானம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். 1971-ல் நாவல் வந்ததிலிருந்தே இதில் நடிக்க செல்லர்ஸ் துடித்தார். மார்க்கெட் இல்லாத நடிகரை நம்பிப் பணம் போட யாரும் முன்வரவில்லை. குளூசோ கொண்டுவந்த வெற்றிதான் அந்தக் கதவைத் திறந்தது. 1979-ல் படம் வெளிவந்தது. குரங்குச் சேஷ்டை இல்லை. வித்தைக் குரல் இல்லை. அமைதியாக நடித்தார். ஆஸ்கார் பரிசுக்கு அவர் பெயர் மீண்டும் போயிற்று. ஆனால் பரிசு கிடைக்கவில்லை.

கடைசிப் பயணம்

1980 ஜூலை 21-ந் தேதி செல்லர்ஸ் லண்டனுக்கு வந்தார். கோல்டர்ஸ் கிரீன் என்ற இடத்தில் உள்ள தகன மண்டபத்துக்குப் போனார். பெற்றோரின் அஸ்தி அங்கே இருந்தது. அதைப் பார்க்க அவர் போனது அதுவே முதல் தடவை.

மறுநாள், ரேடியோ காலத்துச் சிநேகிதர்கள் மில்லிகன், சீகோம் இருவரோடும் சாப்பிட ஏற்பாடாகியிருந்தது. அந்த விருந்து நடக்கவில்லை. ஓட்டல் அறையில் மாரடைப்பால் சாய்ந்தார். 24-ந் தேதி ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. பெற்றோரின் அஸ்தியைப் பார்த்த அதே கோல்டர்ஸ் கிரீனில் அவர் உடல் தகனம் செய்யப்பட்டது.

இறுதிச் சடங்கில் கிளென் மில்லரின் ஒரு குதூகலமான சங்கீதம் ஒலித்தது. செல்லர்சுக்கு அந்தச் சங்கீதம் அடியோடு பிடிக்காது. அதைத்தான் போட வேண்டும் என்று அவரே சொல்லி வைத்திருந்தார். சாவிலும் ஒரு தமாஷ்!

விடாத முதலாளிகள்

செல்லர்ஸ் போனார். குளூசோவை விடப் பட முதலாளிகளுக்கு மனம் இல்லை.

1982-ல் ஒரு படம் வந்தது. முந்திய படத்திலிருந்து வெட்டி ஒதுக்கிய துண்டுகளை ஒட்டி, செல்லர்ஸ் நடித்ததுபோலக் காட்டினார்கள். அவருடைய மனைவி லின் பிரடெரிக் கோர்ட்டுக்குப் போனார். வழக்கில் ஜெயித்து, 10 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு பெற்றார்.

1983-ல் இன்னொன்று. காணாமல் போன குளூசோவைத் தேடி வேறொரு அசட்டுத் துப்பறிவாளர் வருகிறார். முகத்தை ஆபரேஷன் செய்து மாற்றிக்கொண்ட குளூசோவாக, ஜேம்ஸ் பாண்டு புகழ் ரோஜர் மூர் கடைசியில் தலை காட்டினார். படம் தோல்வி. 1993-ல் குளூசோவின் மகனாக இத்தாலிய நடிகர் ராபர்டோ பெனினி வந்தார். அதுவும் தோல்வி. அதே பெனினி 1997-ல் சொந்தமாக எடுத்த "லைப் இஸ் பியூட்டிபுல்" படத்துக்காகச் சிறந்த நடிகர் ஆஸ்கார் பரிசு வாங்கினார். ஆகவே குறை நடிகரிடம் இல்லை.

2006-ல் ஸ்டீவ் மார்ட்டின் குளூசோவாக வந்தார். புது காலத்துக்கு ஏற்றபடி கதையை மாற்றினார்கள். வேலைக்காரர் கேட்டோ இல்லை. ஓர் ஆசியக்காரரை வேலைக்காரராக வைத்து அடிப்பதும் உதைப்பதும் புது காலத்துக்கு ஒவ்வாது அல்லவா! பதிலாக, குளூசோவே தன் உதவியாளர்மேல் பாய்ந்து அடி வாங்குகிறார். உலகமெங்கும் சுமார் 16 கோடி டாலர் வசூலாயிற்று. 2009-ல் இரண்டாம் பாகம் வந்தது. நம் நாட்டு ஐஸ்வர்யா ராயும் அதில் நடித்தார். ஆனால் வசூல் முன்பைப்போல் பாதிகூட வரவில்லை. மார்ட்டின் அதோடு நிறுத்திக்கொண்டார்.

ஆனாலும் ஆசை விடவில்லை. 2020-ல் எம்.ஜி.எம். கம்பெனி மறுபடியும் ஒரு "பிங்க் பாந்தர்" படத்தை அறிவித்தது. 2023-ல் எட்டி மர்பியிடம் பேசுவதாகச் செய்தி வந்தது.

எதை எடுத்துக்கொள்வது?

பழைய படத்தைப் புதிதாக எடுப்பது தவறா? இல்லை. நல்ல கதையைத் தலைமுறைக்குத் தலைமுறை திரும்பச் சொல்வது உலக வழக்கம். கூத்து மேடையில் ஒரே அர்ஜுனன் வேடத்தை எத்தனையோ பேர் கட்டவில்லையா?

ஆனால் வேடம் வேறு. அதைப் போட்ட ஆள் வேறு. குளூசோவின் கோட்டைக் கடையில் தைத்து வாங்கலாம். மீசையை ஒட்டிக்கொள்ளலாம். உச்சரிப்பைப் பழகிக்கொள்ளலாம். எத்தனை அவமானம் வந்தாலும் நான் பெரியவன்தான் என்று நிமிர்ந்து நிற்கிற அந்த மனதை எங்கே வாங்குவது? அது செல்லர்ஸ் தன் வாழ்க்கையிலிருந்து எடுத்து ஊட்டியது. தன் முகத்தைத் தொலைத்த ஒருவர், வேஷத்தின் முகத்தை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினார். அதைப் பார்த்துத்தான் உலகம் சிரித்தது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. செல்லர்சும் மாற்று ஆளாகத்தான் வந்தார். உஸ்தினாவ் விட்டுப்போன இடத்தில் நின்றார். ஆனால் உஸ்தினாவ் எப்படி நடித்திருப்பார் என்று அவர் யோசிக்கவில்லை. தீப்பெட்டியைப் பார்த்தார், தனக்கென்று ஒரு மனிதனைப் படைத்தார்.

புதிய குளூசோவாக வருகிறவர் செல்லர்ஸிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அதைத்தான். மீசையைக் காப்பியடித்தால் மீசைதான் மிஞ்சும். சிறுவன் செல்லர்ஸுக்கு நடந்ததுபோல், யாராவது ஒருவர் எட்டி இழுத்தால் அது கையோடு வந்துவிடும்!